பெரட்டுக் களத்திலிருந்து ஆறு கேள்விகள் வரை: கெடா தோட்டங்களில் ஊனம் அளக்கப்பட்ட கதை

முதலில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டில் சமூகநல இலாகாவில் பதிந்திருந்த உடற்பேறு குறைந்தோர் சுமார் 5 லட்சத்து 48 ஆயிரம் பேர். மலேசிய மக்கள்தொகையில் இது ஏறக்குறைய 1.7 விழுக்காடு. அதே 2019-இல் சுகாதார அமைச்சு வீடு வீடாக நடத்திய தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு வேறு கணக்குச் சொன்னது: 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.1 விழுக்காட்டினருக்கு உடற்பேறு குறைபாடு உண்டு என்றது. 2015-இல் நடந்த ஆய்விலும் 11.8 விழுக்காடு.

ஒரே நாடு, ஒரே ஆண்டு. வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதினால் மாணவர்கள் உடனே கேட்பாங்க: "எது சார் சரி?" ஒன்று மொத்த மக்கள்தொகைக்கான விகிதம், மற்றது பெரியவர்களுக்கு மட்டுமானது என்பதை முதலில் சுட்டிக்காட்டுங்கள். தேர்வில் இரண்டு விழுக்காடுகளை ஒப்பிடச் சொன்னால், எதை எதால் வகுத்தார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆனால் அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிதாகவே நிற்கிறது. காரணம், இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றல்ல. ஒரு அலுவலகம், "நீங்களே வந்து பதிந்துகொண்டீர்களா, மருத்துவர் உறுதி செய்தாரா?" என்று கேட்டது. இன்னொன்று, "உங்களுக்கு நடக்கச் சிரமமா, பார்க்கச் சிரமமா?" என்று கேட்டது.

கேள்வியை யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதை வைத்தே ஊனம் என்பதன் அளவு மாறிவந்திருக்கிறது. நம் கெடா தோட்டங்களின் நூறாண்டு வரலாற்றை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

லயத்தில் இருந்த சொற்கள்

சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம், "அந்தக் காலத்துல உங்க தோட்டத்துல ஊனமுற்றவங்க எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். "அப்படி யாரும் இல்லையே" என்பார்கள். கொஞ்சம் பேச்சை வளர்த்தால், ஒத்தக்கண்ணு மாமா, வாய் பேசாத பெரியம்மா, காலை இழுத்து இழுத்து நடந்த ஜாகா, "கொஞ்சம் மந்தம்" என்று சொல்லப்பட்ட பையன் என ஒவ்வொருவராக வருவார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களிடம் ஒவ்வொரு குறைக்கும் தனித்தனிச் சொல் இருந்தது. எல்லோரையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் பொதுச்சொல் அன்றாடப் பேச்சில் இல்லை.

இது தோட்டத்து அறியாமை அல்ல. புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்லும்போதும் எட்டு வகையாகப் பட்டியல்தான் போடுகிறார். கூன், குறள், செவிடு என்று தனித்தனியாக. பொதுச்சொல் தேவைப்பட்டது அரசாங்கத்துக்கு. 'ஊனமுற்றோர்', 'அங்கவீனர்', 'உடற்பேறு குறைந்தோர்', தமிழ்நாட்டிலிருந்து வந்த 'மாற்றுத்திறனாளி', மலாயில் பழைய 'ஓராங் சாசாட்', இன்றைய 'ஓராங் கூராங் உப்பாயா' எல்லாமே படிவத்தில் எழுதவும் சட்டத்தில் எழுதவும் வேண்டிய சொற்கள்.

அந்தத் தனிச்சொற்கள் எல்லாம் அன்பான சொற்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நொண்டி, மொண்டி, சப்பாணி என்று ஒருவரைச் சாகும்வரை கூப்பிட்ட ஊர்கள்தான் இவை. ஆனாலும் அந்தப் பெயரோடு ஒரு வேலையும் சேர்ந்தே வந்தது. மரம் வெட்ட முடியாதவர் லயம் கூட்டினார், வாளி கழுவினார், இரவுக் காவலுக்கு ஜாகாவாக நின்றார். ஓட முடியாத பாட்டி ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். தோட்டத்துக்கு ஊனம் என்பது ஒரே ஒரு கேள்விதான்: இந்த ஆளை எந்த வேலைக்கு விடலாம்?

கப்பலிலும் களத்திலும்

அந்தக் கேள்வி தோட்டத்தில் முளைத்ததல்ல. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களிலேயே அது தொடங்கிவிட்டது. கப்பல் ஏறுமுன் உடலைப் பார்த்தார்கள். வேலைக்கு ஆகாதவர் என்றால் திருப்பி அனுப்பினார்கள். ஆக, கெடாவுக்கு வந்த முதல் தலைமுறைத் தோட்டத் தமிழர்களே ஒரு சலிப்பில் தேறி வந்தவர்கள். கூன் விழுந்தவரும் கண் தெரியாதவரும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அதே காலத்தில் இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு இன்னோர் அளவையும் வைத்திருந்தது. 1872 முதல் 1931 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனநோய், பேசா-கேளாமை, பார்வையின்மை, தொழுநோய் என்று நான்கு குறைகளை எண்ணினார்கள். ஒரே அரசு, ஊரில் குறையை எண்ணியது, துறைமுகத்தில் வலிமையை எண்ணியது. அங்கே தேவைப்பட்டது மக்களைப் பற்றிய விவரம், இங்கே தேவைப்பட்டது கூலி ஆள். அவ்வளவுதான் வேறுபாடு.

கெடா 1909-இல் பாங்காக் உடன்படிக்கையால் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு மாறியது உங்கள் பாடத்தில் உள்ளது. கூட்டமைப்பில் சேராத மாநிலம், மாநில மன்றம் தனி, சட்டம் தனி. ஆனால் ரப்பர்த் தோட்ட வாழ்க்கை பேராக்கிலும் சிலாங்கூரிலும் எப்படியோ அப்படித்தான் இங்கேயும். விடியுமுன் பெரட்டு. கிராணி புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுவார். வந்தவருக்குப் பேர் போடுவார். வராதவருக்கு அன்றைய கூலி இல்லை. காய்ச்சலா சோம்பலா என்று டிரஸர் பார்த்துச் சொல்வார். காலையில் அந்தச் சில நிமிடங்களில் ஓர் ஆளின் உடல் அளக்கப்பட்டுவிடும். அளவுகோல்: இன்று வேலை செய்ய முடியுமா, முடியாதா. நாளைக்கு மறுபடி அதே அளவு. நீண்டநாள் குறைபாடு என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது.

நிரந்தரமாக முடியாது என்று ஆகிவிட்டால்? 1922-இல் வந்த இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1923 விதிகளும் ஒரு வழி வைத்திருந்தன. வந்த ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டாலோ, கொடுத்த வேலை உடலுக்கு ஏற்காவிட்டாலோ, அநியாயமாக நடத்தப்பட்டாலோ இலவசமாக ஊர் திரும்பலாம். முதலாளிகள் செலுத்திய இந்தியர் குடியேற்ற நிதியிலிருந்து, உழைக்க முடியாதவர்களைத் திருப்பி அனுப்பவும் பணம் எடுக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடும் இதைப் படிக்கலாம், வேறு மாதிரியும் படிக்கலாம். ஊனமானவர்களின் எண்ணிக்கை மலாயாவில் குறைவாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் கப்பலில் இருந்ததுதான். 1930-க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்போது நன்றாக வேலை செய்யக்கூடியவர்களையே "வேண்டாதவர்" ஆக்கியது சந்தை. வேலைத்திறனை மட்டும் அளவாக வைத்தால் அளவுகோல் உடலில் இருக்காது, விலைப் பட்டியலில் இருக்கும்.

விரலுக்கு எத்தனை விழுக்காடு

இப்போது பன்னாட்டு அளவுகோலுக்கு வருவோம். ஐ.நா. தோன்றுவதற்கு முன்பே ஒன்று உலகம் சுற்றிவிட்டது: இழப்பீட்டு அட்டவணை. 1923-இல் இந்தியாவில் நிறைவேறிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். வலது கை முழங்கைக்குக் கீழே போனால் சம்பாதிக்கும் திறனில் 60 விழுக்காடு இழப்பு. அதுவே இடது கை என்றால் 50. முழங்காலுக்குக் கீழே கால் போனால் 50. ஒரு கண் போனால் 30. கட்டைவிரல் 25. ஆள்காட்டி விரல் 10. மற்ற விரல் ஒன்றுக்கு 5.

படிக்கும்போது இறைச்சிக் கடை விலைப்பலகை நினைவுக்கு வருகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பெரட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. இழந்த விரல் முதன்முதலாக முதலாளியின் கடன் ஆனது. காயம் பட்ட ஆள் கருணையைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டான்.

குறை எங்கே? அட்டவணை உடலைப் பார்த்தது, வேலையைப் பார்க்கவில்லை. பால் மரம் சீவுபவருக்கு உளி பிடிக்கும் விரல்கள்தான் பிழைப்பு. எழுத்தருக்கும் மரம் வெட்டுபவருக்கும் ஆள்காட்டி விரலுக்கு ஒரே 10 என்றது அட்டவணை. இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடுபவருக்கு ஒரு கண் போனால் பள்ளம் தெரியாது, பாம்பு தெரியாது. அதற்கும் அதே 30.

மலாயாவில் 1952-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1969-இல் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1971-இல் நாம் சொக்சோ என்று சொல்லும் பெர்கெசோ செயல்படத் தொடங்கியது. இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் உறுப்புக்கு இத்தனை விழுக்காடு என்ற கணக்குத்தான். அது 1948-இல் பிரிட்டன் தன் தொழிற்சாலைக் காயங்களுக்குப் போட்ட அட்டவணையின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டனோ அந்த அளவை, முதல் உலகப்போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு ஓய்வூதியம் கணக்கிட வைத்த முறையிலிருந்து எடுத்தது. ஆக, பீடோங்கில் ஒரு தொழிற்சாலை ஊழியரின் விரலுக்குப் போடப்படும் விழுக்காட்டின் மூதாதை, பிரான்சின் போர்க்களத்தில் விழுந்த ஒரு சிப்பாயின் விரல்.

இதைத் தெரிந்துகொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

யாரும் அளக்காத கால்கள்

1942, 1943. சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரம் பேருக்கு மேல். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெரும் கூட்டம். கெடாவின் லயங்களிலிருந்தும் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. மூங்கில் கீறிய சிறு காயம்கூட ஆறாத புண்ணாகி எலும்புவரை அரித்தது. உயிரைக் காப்பாற்றக் காலை வெட்ட வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர்களில் பலர் முழு உடலோடு வரவில்லை.

அதே புண்ணால், அதே காட்டில் காலை இழந்த பிரிட்டிஷ் வீரர் ஊர் திரும்பியதும் மருத்துவக் குழு அவரைப் பார்த்தது. அட்டவணை இருந்தது. இத்தனை விழுக்காடு என்று எழுதி ஓய்வூதியம் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டில்கூட, உயிரோடிருந்த முன்னாள் கைதிகளுக்கு பிரிட்டிஷ் அரசு தலைக்கு 10 ஆயிரம் பவுன் கொடுத்தது. காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் சுமார் 7 ஆயிரம், வரிசை வரிசையாகப் பேரோடு நிற்கின்றன. தோட்டத்துத் தமிழருக்குப் பேர்ப் பட்டியலே முழுதாக இல்லை. எந்த மருத்துவக் குழுவும் அவர் காலை விழுக்காட்டில் எழுதவில்லை. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு ஒப்புக்கொண்ட 2.5 கோடி வெள்ளி அரசுக்கு அரசு கொடுத்ததாக முடிந்தது, தனிமனிதர் கைக்கு வரவில்லை.

அளவுகோலைக் குறை சொல்வது எளிது. அளக்கவே படாமல் போவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை. காலில்லாமல் திரும்பியவரைத் தோட்டம் பழைய கேள்வியோடுதான் வரவேற்றது: இந்த ஆளை எந்த வேலைக்கு விடலாம்?

ஆறு கேள்விகள்

போருக்குப் பின் நடந்த சிலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கேளாத பிள்ளைகளுக்கு 1954-இல் பினாங்கில் பள்ளி வந்தது. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் அதற்கு முன்பே பினாங்குக்கு வந்திருந்தது. கெடாத் தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு என்றால் பெற்றோரைப் பிரிந்து பினாங்கு போக வேண்டும் என்பதே நெடுங்காலம் நிலை. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் 55 பேரோடு தொடங்கிய சமூகச் சீரமைப்புத் திட்டம் (நாம் பி.டி.கே. என்று சொல்வது) பிறகு நாடு முழுக்கப் பரவி, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் கொடுத்தது.

உலக அளவில் நடந்த மாற்றம் இதைவிட ஆழமானது. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் ஊனத்தை மூன்று படியாகப் பிரித்தது: உடலில் உள்ள குறைபாடு, அதனால் வரும் இயலாமை, அதனால் சமூகத்தில் வரும் பின்னடைவு. படித்தவுடன் ஒன்றிலிருந்து ஒன்று தானாக வருவதுபோல் இருக்கிறது அல்லவா? மாற்றுத்திறனாளி அமைப்புகள் இதைத்தான் எதிர்த்தன. கால் இல்லாததால் அவர் அலுவலகத்துக்குள் போகவில்லை என்பது பாதி உண்மை, படிக்கட்டு மட்டுமே இருந்ததால் போகவில்லை என்பது மீதி உண்மை என்றன. 2001 மே மாதம் ஏற்கப்பட்ட ஐ.சி.எஃப். என்னும் புதிய வகைப்பாடு, சுற்றுச்சூழலையும் கணக்கில் சேர்த்தது.

தோட்டக் கதையில் இதற்கு நேரடியான எடுத்துக்காட்டு உண்டு. லயத்து வீடு தரையோடு இருந்தது, அல்லது நாலைந்து பலகைப் படி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மின்தூக்கி இல்லாத நான்காம் மாடி. முழங்கால் தேய்ந்த பாட்டி தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு நடந்து போனவர். இங்கே மாதக்கணக்கில் கீழே இறங்காமல் இருக்கிறார். முழங்கால் அதே முழங்கால்தான்.

அதே 2001-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் வாஷிங்டன் குழு உருவானது. எல்லா நாட்டுக் கணக்கெடுப்புக்கும் பொருந்தும்படி ஆறே கேள்விகளை அமைத்தது. நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா இருக்கா? கருவி வைத்தும் காது கேட்கச் சிரமமா? நடக்க, படி ஏறச் சிரமமா? ஞாபகம் வைக்க, கவனிக்கச் சிரமமா? குளிக்க, உடுத்தச் சிரமமா? உங்களுக்குப் பழக்கமான மொழியில் பேசும்போது மற்றவர்களுக்குப் புரியவைக்கவோ, அவங்க பேச்சைப் புரிஞ்சுக்கவோ சிரமமா? பதில் நான்கு வகை: சிரமம் இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. பன்னாட்டு ஒப்பீட்டுக்கு ஏதாவது ஒன்றில் 'ரொம்ப' அல்லது அதற்கு மேல் என்றால் கணக்கில் சேர்ப்பது அந்தக் குழுவின் பரிந்துரை.

கவனித்தீர்களா, ஆறிலும் 'ஊனம்' என்ற சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். "உங்க வீட்டுல ஊனமுற்றவங்க இருக்காங்களா?" என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்ல விரும்புவதில்லை. அதிலும் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் சொல்லவே மாட்டாங்க. இலங்கை இதற்கு நல்ல சான்று. அங்கே 2001 கணக்கெடுப்பு சுமார் 1.6 விழுக்காடு என்றது. 2012-இல் ஆறு கேள்வி முறையில் கேட்டபோது 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 விழுக்காடு வந்தது. பதினோரு ஆண்டில் மக்கள் ஐந்து மடங்கு ஊனமாகிவிடவில்லை. நம் நாட்டின் 1.7, 11.1 இரண்டுக்கும் இடையே உள்ள கதையும் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ஆறு கேள்வியும் குறையற்றதல்ல. தோட்டத்துப் பெரியவரிடம் "நடக்கச் சிரமமா?" என்றால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும், சிரமமெல்லாம் இல்ல" என்பார். தன் வயதுக்காரரோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்கிறார். வலியைச் சொல்லாமல் இருப்பதை ஒரு குணமாகவே வளர்த்த இடம் தோட்டம். மனநோயை இந்த ஆறில் எளிதில் பிடிக்க முடியாது. பல ஆண்டு பாராகுவாட் தெளித்து நகம் உதிர்ந்து, மூக்கில் இரத்தம் வடிந்த பெண்கள் எந்தக் கேள்விக்கு 'ஆம்' சொல்வார்கள்? அந்த மருந்து இங்கே 2020-இல்தான் முழுதாகத் தடைசெய்யப்பட்டது.

ஒரே ஆள், நான்கு மேசை

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். மரப்பட்டைச் சில்லு பட்டு ஒரு கண் பார்வை போனது. மற்றக் கண் நன்றாகத் தெரிகிறது.

சொக்சோ மேசையில் அவர் இழப்பு விழுக்காட்டில் எழுதப்படும், பணம் கிடைக்கும். ஆனால் அதே சட்டத்தில் 'செயலிழப்பு' ஓய்வூதியம் கேட்டால் வேறு அளவுகோல்: நலமாக உள்ள ஒரு தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கையாவது இவரால் சம்பாதிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். ஒரு கண்ணோடு புல் வெட்டலாமே என்றால் இல்லை. சமூகநல இலாகா மேசையில் ஏழு வகை உண்டு: கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகைக் குறைபாடு. பார்வை வகைக்கு, கண்ணாடி போட்ட பிறகும் இரண்டு கண்ணிலும் குறை இருக்க வேண்டும். ஆகவே இவருக்கு அட்டை கிடைப்பது கடினம். இதே ஆள் கட்டைவிரலை இழந்திருந்தால்? உடல் வகையில் கட்டைவிரல் இழப்பு பேர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆய்வுக்காரர் வீட்டுக்கு வந்தால், "கொஞ்சம் சிரமம்" என்பார். பன்னாட்டு வெட்டுக்கோட்டுக்குக் கீழே போய்விடுவார்.

நான்காவது மேசை சட்டம். 2008-ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் (சட்டம் 685) தரும் விளக்கம், ஐ.நா. உடன்படிக்கையின் வாசகத்தை ஒட்டியது. நீண்டகாலக் குறைபாடு, தடைகளோடு சேரும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுக்க இடையூறாக வேண்டும் என்கிறது. மலேசியா அந்த உடன்படிக்கையை 2010 ஜூலையில் சில ஒதுக்கீடுகளோடு உறுதிசெய்தது. இந்த விளக்கத்தின்படி நம் ஆள் உள்ளே வரலாம். ஆனால் சலுகை கொடுப்பது அட்டை, விளக்கம் அல்ல. மேலும் அந்தச் சட்டமே, கடமை தவறினால் அரசின்மேல் வழக்குப் போட முடியாதபடி பிரிவுகளை வைத்திருக்கிறது. கூட்டரசு அரசமைப்பின் 8(2)-ஆம் பிரிவு பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களைப் பட்டியலிடும்போது உடற்குறையைச் சொல்லவில்லை. எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இதைக் கட்டுரையில் கையாளலாம்.

என் கருத்தைக் கேட்டால், நமது உள்நாட்டு விளக்கங்களில் பெரட்டுக் களம் இன்னும் ஒளிந்திருக்கிறது. 'வேலை செய்ய இயலாத உடற்பேறு குறைந்தோர் உதவித்தொகை' என்று ஒன்று தனியே இருப்பதைப் பாருங்கள். சட்டம் ஐ.நா. மொழியில் பேசுகிறது, மேசை கிராணி மொழியில் கேட்கிறது.

உங்கள் வகுப்பின் கடைசி வரிசை

ஆசிரியர்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல. 1997-இல் வந்த சிறப்புக் கல்வி விதிகள், 'கற்பிக்கத் தக்க' பிள்ளைகளை மட்டுமே ஏற்றன. பிறர் உதவி இல்லாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிய வேண்டும். முடியாத பிள்ளை பள்ளி வாசலில் நின்றது. 2013 விதிகள் இந்த வட்டத்தை விரித்தன. 2019-இல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை வந்தது. அதற்குமுன் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இப்போது இருபதுகளிலும் முப்பதுகளிலும், வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஆறாவது கேள்விக்கு மறுபடி போங்கள். "உங்களுக்குப் பழக்கமான மொழியில்" என்ற தொடர் அதில் சும்மா வரவில்லை. தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்து, பதில் வரவில்லை என்று 'கற்றல் குறைபாடு' எழுதினால், அளக்கப்பட்டது பிள்ளையின் அறிவா, மொழியா? எதிர்ப்பக்கமும் உண்டு. உண்மையிலேயே எழுத்து குழம்பும் பிள்ளையை, "தோட்டத்துப் பிள்ளை, வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல, போகப் போகச் சரியாயிடும்" என்று மூன்று வருடம் விட்டுவைப்பதும் நம் பள்ளிகளில் நடக்கிறது. முதல் தவறில் பிள்ளைக்குத் தேவையில்லாத முத்திரை. இரண்டாவதில் தேவையான உதவி கிடைக்காமல் போகிறது. பெற்றோர் அட்டைக்குத் தயங்குவதும் இந்த முத்திரைப் பயத்தால்தான். அவர்களிடம் பேசும்போது 'ஊனம்' என்ற சொல்லில் தொடங்காதீர்கள். "பலகையில எழுதுறது தெரியுதாம்மா? சொன்னது ஞாபகம் இருக்கா? சட்டை தானா போட்டுக்குதா?" என்று தொடங்குங்கள். மருத்துவரிடம் அனுப்பும் கடிதத்தில் பிள்ளையின் வீட்டு மொழி தமிழ் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு களப்பணி. ஹார்வார்ட், டப்ளின், விக்டோரியா, ஸ்கார்பரோ, எந்தத் தோட்டமானாலும் சரி, அங்கே வாழ்ந்த 70 வயதுக்கு மேற்பட்ட ஒருவரைத் தேடிப் பேசுங்கள். முதல் நாள், "தோட்டத்துல ஊனமுற்றவங்க இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டு, வரும் எண்ணிக்கையைக் குறியுங்கள். அடுத்த நாள், அந்த லயத்து வீடுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தச் சொல்லி, அங்கிருந்தவர்களுக்குப் பார்க்க, கேட்க, நடக்கச் சிரமம் இருந்ததா, அவர் என்ன வேலை செய்தார், யார் கூட இருந்தார்கள் என்று கேளுங்கள். சயாமுக்குப் போய் வந்தவர் யாராவது இருந்தாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லையே முதலில் எழுதுங்கள், 'ஒத்தக்கண்ணு' என்றால் 'ஒத்தக்கண்ணு' என்றே. ஏழு வகையில் எதில் வரும், ஆறு கேள்வியில் எதில் வரும் என்ற பத்திகளை அதற்கு அப்புறம் நிரப்பலாம். ஆளின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.